பின்னாடி நின்னு பாரு

ஜெயக்கொடி காரின் கதவுகளையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, எங்கிருந்து ஆரம்பிப்பதென்று தெரியாமல் ஈரத்துணியோடு நின்றாள். தெருவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. டிங்கரிங் பட்டறையிலிருந்து நேற்றுச் சாயங்காலம்தான் வண்டி வந்தது. கதவுகளின் அடியில் துருப்பிடித்திருந்த இடங்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்திருந்தார்கள். பழைய வெள்ளைக்குப் பக்கத்தில் புது வெள்ளை தனியாகத் தெரிந்தது. தின்னர் வாடை இன்னும் போகவில்லை. வாடகைக்கு ஓடுகிற மஞ்சள் போர்டு வண்டி, வயசும் ஆகிவிட்டது, அதனால் வருசா வருசம் தேனிக்குக் கொண்டுபோய் எஃப்.சி. காட்டியாக வேண்டும். ரோட்டில் ஓட லாயக்கான வண்டிதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மத்தியானத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். அவள் புருசன் சுருளிவேல் காலையிலேயே ராத்திரியில் மின்னுகிற ஸ்டிக்கர் வாங்கவும் தீயணைக்கிற சிலிண்டரில் மருந்து நிரப்பவும் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது, "உள்ள மட்டும் தொடைச்சு வையி ஜெயா, மேட்டையெல்லாம் எடுத்துக் கழுவிரு, இன்ஸ்பெக்டரு உள்ள தலைய விட்டுப் பாப்பாக" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அவன எழுப்பாத, தூங்கட்டும். அவன்தான ஓட்டணும்" என்றார். அவன் என்றால் ரஞ்சித், ஒற்றைப் பிள்ளை. பட்டறையிலிருந்து வந்த வண்டியை ராத்திரியே எடுத்துக்கொண்டு மூணாறுக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டு விடிகாலையில் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் குப்புற விழுந்து கிடக்கிறான்.

தூங்கட்டும். அந்தச் சொல்லில் அவள் மனசு முள்ளில் முந்தானை மாட்டினதுபோல் மாட்டிக்கொண்டது. போன வாரம் வரைக்கும் அது நல்ல சொல்லாகத்தான் இருந்தது. பிள்ளை தூங்குகிறான் என்றால் மிக்சி போட மாட்டாள், பக்கத்து வீட்டுக்காரி சத்தமாகப் பேசினால் கையைக் காட்டி அடக்குவாள், நெற்றியில் ஈ உட்கார்ந்தால் ஓட்டுவாள். கைப்பிள்ளையாக இருக்கும்போது தூங்கவே மாட்டான், தோளில் போட்டுத் தட்டித் தட்டிக் கை கடுத்துப்போகும், இப்போது பார், தலை சாய்ந்த இடத்தில் தூங்குகிறான் என்று பெருமைகூடப் பட்டிருக்கிறாள். தலை சாய்ந்த இடத்தில். துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியை மறுபடி வாளியில் முக்கினாள். போன வாரம் ராமேஸ்வரம் போய்விட்டு வந்தவன் தோசை தின்றுகொண்டே சொன்னான். சொல்லும்போது சிரித்தான். "யம்மா, ஒண்ணு சொல்றேன், பயந்துக்கக் கூடாது. மானாமதுரை தாண்டி வந்துக்கிட்டிருக்கேன். பார்ட்டியெல்லாம் தூங்கிட்டாய்ங்க. பாட்டு ஓடுது. ரோட்டுல வெள்ளைக்கோடு போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. அம்புட்டுத்தான் தெரியும். அடுத்து கண்ணு முழிச்சா வண்டி மண்ணுல ஓடிக்கிட்டிருக்கு. முன்னாடி ஒரு புளியமரம், வெள்ளை அடிச்சு நம்பர் எழுதுனது. ஒடிச்சுத் திருப்புனேன் பாரு! ஒரு ஆளு மட்டும் முழிச்சு, என்ன தம்பி நாயான்னாரு. ஆமாண்ணே, நாய்தான்னேன்." சட்னியைத் தொட்டுக்கொண்டு இன்னொரு வாய் தின்றான். "அப்பாட்ட சொல்லிராத. சாவியப் புடுங்கிக்கிருவாரு." அவள் சரி என்றாள். அவன் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பின்சீட்டின் இடுக்கில் துணியை விட்டுத் துடைத்தாள், மணல் வந்தது, யாரோ தின்ற புளியோதரையின் காய்ந்த பருக்கை வந்தது, ஒரு ஊக்கு வந்தது. வெள்ளைக்கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் அவன் எங்கே இருந்தான்? கை ஸ்டியரிங்கில் இருந்தது, கால் மிதித்துக்கொண்டிருந்தது, ஆனால் ஆள் இல்லை. அந்த நேரம் வண்டியை யார் ஓட்டினது? வீரபாண்டி கௌமாரிதான் ஓட்டியிருப்பாள் என்று அன்றைக்கு ஒரு மனசு சொல்லிற்று, அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஆனால் அம்மன் எத்தனை தடவை ஓட்டுவாள்? இன்னும் சில நாளில் கார்த்திகை பிறக்கிறது. மாலை போடப்போகிற சாமிகள் வரிசையாக வண்டி பேசிவிட்டார்கள். சபரிமலை, அப்படியே கன்னியாகுமரி, திருச்செந்தூர், வரும் வழியில் மதுரை. சாமிகளுக்குப் பகலெல்லாம் கும்பிடணும், ராத்திரியெல்லாம் ஓடணும். ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டால் அடுத்த பார்ட்டி இருமுடியோடு வாசலில் நிற்கும். போன வருச சீசனில் ரஞ்சித் கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய் வந்து நின்றதைப் பார்த்து, பிள்ளை பொறுப்பாக இருக்கிறானே என்றுதான் நினைத்தாள். இப்போது அந்தக் கறுப்புக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. போன வருசம் எத்தனை தடவை மண்ணில் ஓடியதோ. சொன்னது ஒன்று. சொல்லாதது?

புருசனிடம் சொல்லிவிடலாம். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. குழம்பு ஊற்றும்போது வந்தது, படுக்கப்போகும்போது வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ரஞ்சித் சொன்னமாதிரியே சாவியைப் பிடுங்கிக்கொள்வார், தானே ஏறி உட்கார்ந்துவிடுவார். இடுப்பு எலும்பு தேய்ந்துபோச்சு, இனி தூரத்துக்கு ஓட்டவே கூடாது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருக்கிறார். அதனால்தான் பிள்ளை கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தான். இவர் இப்போது ஆஸ்பத்திரிக்கும் ரயிலடிக்கும் ஆள் கொண்டுபோய் விடுவதோடு சரி, அதற்கே ராத்திரி இடுப்பில் வெந்நீர்ப் பை. பிள்ளையைக் காப்பாற்றப்போய் புருசனை ஏற்றி அனுப்புவதா? அதுகூடப் பெரிசில்லை. சொல்லிவிட்டால் ரஞ்சித் இனிமேல் அவளிடம் எதையுமே சொல்ல மாட்டான். தோசை தின்றுகொண்டு சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டான். மண்ணில் ஓடும், மரத்தைத் தொட்டுக்கொண்டு போகும், வந்து குளித்துவிட்டுப் படுத்துக்கொள்வான், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதை நினைத்தால் பயமாக இருந்தது. தெரிந்திருப்பதும் அப்படித்தான் இருந்தது. இந்த வண்டி எஃப்.சி. ஆகாவிட்டால்? அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி வேலை பார்த்து, மறுபடி தேதி வாங்கி, அதற்குள் கார்த்திகை பாதி போய்விடும். பார்ட்டிகள் வேறு வண்டி பார்த்துப் போய்விடுவார்கள். பிள்ளை வீட்டில் தூங்குவான். கட்டிலில் தூங்குவான். சீச்சீ, என்ன நினைப்பு இது, சாப்பாட்டில் மண்ணைப் போடுகிற நினைப்பு என்று தன்னையே வைதுகொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் வந்து குனிந்தாள்.

மேட்டை உருவி வெளியே போட்டாள். அடியில் கறுத்த அழுக்கு, மிதித்து மிதித்து இறுகிப்போனது. உட்கார்ந்தபடி செய்ய வரவில்லை, மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டாள். பெட்ரோல் வாடையும் கால் வாடையும் கலந்து அடித்தது. மூன்று மிதியையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நடுமிதியின் ரப்பர் ஒரு ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது, அது பிள்ளையின் கால் பட்டா, அவன் அப்பாவின் கால் பட்டா என்று ஒரு கணம் யோசித்தாள். துணியை மேலே கொண்டுபோனபோது கையில் ஒரு சின்ன ஜாக் தட்டுப்பட்டது, இரண்டு வயர் போய் மாட்டுகிற வெள்ளை ஜாக். அதை அவளுக்குத் தெரியும். போன மாதம் பிரேக் மிதித்தால் பின்னால் லைட் எரியவில்லை என்று சுருளிவேல் இப்படித்தான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தார், இவள் டார்ச் பிடித்தாள். "இந்தா இருக்கு பாரு, இது ஒண்ணு கழண்டா பின்னாடி பிரேக் லைட்டு ரெண்டும் எரியாது" என்று காட்டினார். அவள் துணியோடு அதைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் விரல்கள் அங்கேயே இருந்தன. வீட்டுக்குள்ளிருந்து ரஞ்சித்தின் குறட்டை வந்தது, லேசாக, சின்ன வயசில் மூக்கடைத்தால் வருகிற அதே சத்தம். வெள்ளைக்கோடு போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. கட்டைவிரலால் கொக்கியை அமுக்கினாள். எளிதில் வந்துவிட்டது. எடுத்துவிட்டோமா என்றுகூடத் தெரியாத அளவுக்கு எளிது. வயரை உள்ளே தள்ளி, தலையை வெளியே எடுத்து, எழுந்து நின்று, நைட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தெரு அப்படியே இருந்தது. எதிர்வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் கிரைண்டர் போல ஓடியது.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. மேட்டையெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கண்ணாடியைப் பேப்பரால் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். மாட்டிவிடலாம், இப்போதே குனிந்து மாட்டிவிடலாம் என்று டிரைவர் கதவு வரைக்கும் போனாள், போய் வைப்பரைத் துடைத்துவிட்டு வந்தாள். இன்ஸ்பெக்டர் என்ன கேட்பார்? லைட் எரியலையே, போய் சரிபண்ணிட்டு வா என்பார். அவ்வளவுதானே. யாருக்கும் ஒன்றும் ஆகாது. அங்கேயே மாட்டிவிட்டால்? மாட்ட முடியாமலும் போகலாம். இந்த ஒரு ஜாக்கால் கார்த்திகை முழுக்க நின்றுவிடுமா, பைத்தியக்காரி. ஒரு நாளாவது நிற்குமே. ஒரு நாள் நின்றால் ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரியில்தான் அந்தப் புளியமரம் இருக்கிறதோ என்னவோ. இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது சுருளிவேல் டூவீலரில் வந்து இறங்கினார். ஒரு கையில் சிலிண்டர், ஒரு கையில் சுருட்டிய ஸ்டிக்கர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, "பொண்ணு பாக்க வர்ற வீடு மாதிரில்ல வச்சிருக்க" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். பம்பரைத் துடைத்துச் சிவப்பு ஸ்டிக்கரைப் பின்னாலும் வெள்ளையை முன்னாலும் ஒட்டினார், குமிழ் வராமல் உள்ளங்கையால் நீவினார், குனிந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வருசா வருசம் சொல்வதைச் சொன்னார். "ஜெயா, பின்னாடி நின்னு பாரு."

அவள் பின்னால் போய் நின்றாள். "வலது?" எரிந்தது, அணைந்தது. "எரியுது." "இடது?" "எரியுது." "ரிவர்ஸ் போடுறேன், வெள்ளை வருதா?" "வருது." "பிரேக்?" ஒன்றும் வரவில்லை. சிவப்புக் கண்ணாடிக்குள் வெயில்தான் கிடந்தது. சைடு கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது, பதிலுக்குக் காத்திருந்த கண். இந்த வீட்டில் அவர் இப்படிக் கேட்டு அவள் சொன்ன பதிலை ஒருநாளும் இறங்கி வந்து பார்த்ததில்லை. "என்ன, எரியுதா?" என்றார். "எரியுது," என்றாள். "ரெண்டும்?" "ரெண்டுந்தான்." அவர் காலை எடுத்துவிட்டு இறங்கினார். பொய் சொல்வது புதிசில்லை, நகை கேட்ட நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறாள், இட்லி மாவு கேட்டவளிடம் சொல்லியிருக்கிறாள். இது அப்படி இல்லை. ரஞ்சித் எழுந்து வந்தான், கண் சிவந்திருந்தது. குளித்தான், சட்டை போட்டான், டீயை நின்றபடியே குடித்தான். "மூஞ்சி ஏன்மா ஒருமாதிரி இருக்கு?" என்றான். "வெயில்ல நின்னேன்ல" என்றாள். அப்பா பக்கத்தில் ஏறிக்கொள்ள, பிள்ளை வண்டியை எடுத்தான். "போயிட்டு வந்துர்றோம்" என்று கையைக் காட்டினான். வண்டி தெருவில் உருண்டது. வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, தெருக்கோடியில் மெயின் ரோட்டில் ஒரு டிப்பர் லாரி ஜல்லியோடு இரைந்துகொண்டு போனது. தரை அதிர்ந்தது. அப்போதுதான் அது வந்தது. தேனி ரோடு முழுக்க இந்த லாரிதான். பிள்ளை பிரேக் அடிப்பான். பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவனுக்குத் தெரியவே தெரியாது.

வாளியைக் கீழே போட்டாளா, வைத்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை. நைட்டியோடும் தோளில் கிடந்த துண்டோடும் ஓடினாள். செருப்பில்லை. கல் குத்தியது, குத்தட்டும். கையை ஆட்டினாள், குரல் வரவில்லை. காப்பாற்றுகிறேன் என்று நானே கொண்டுபோய் லாரிக்குக் கொடுத்தேனே, அப்பனையும் மகனையும் சேர்த்து ஏற்றிவிட்டேனே, என் கையாலேயே, இந்தக் கையாலேயே என்று உள்ளே யாரோ அடித்துக்கொண்டார்கள். தெருமுனையில் வண்டி இன்னும் திரும்பவில்லை. மெயின் ரோட்டில் இடைவெளிக்காக இண்டிகேட்டர் போட்டபடி நின்றுகொண்டிருந்தது. இடது லைட் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. பிரேக்கில் கால் வைத்துத்தான் நிற்கிறான், மற்றதெல்லாம் செத்துக் கிடந்தது. டிக்கியில் இரண்டு கையாலும் அறைந்தாள். ரஞ்சித் பதறிப்போய் இறங்கினான். "யம்மா! என்னம்மா? யாருக்கு என்ன?"

"பிரேக் லைட்டு எரியல," என்றாள். மூச்சு வாங்கியது.

சுருளிவேல் இறங்கி வந்தார். "நீதான எரியுதுன்ன?"

"எரியல."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்து, மிதிக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். கை அங்கேயே நின்றது. நிமிர்ந்து, "நேத்துப் பட்டறையில நானே அழுத்தி மாட்டுனேன். டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு. இது தன்னால கழலாது" என்றார். அவளிடம் சொல்லவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் கழட்டுனேன்."

ரஞ்சித்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது, முகம் மாறியது. அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். மானாமதுரை, வெள்ளைக்கோடு, மண்ணு, மரம், நாய். அவன் சிரித்துக்கொண்டு சொன்னதை அவள் சிரிக்காமல் சொன்னபோது அது வேறு கதையாக இருந்தது. "எஃப்.சி. ஆகாட்டி கொஞ்ச நாளாச்சும் வீட்ல இருப்பான்னு பாத்தேன். அப்புறம் லாரியப் பாத்தேன்." துண்டின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்டச் சொன்னதே தப்பு," என்றான் ரஞ்சித். மெதுவாகத்தான் சொன்னான். அவள் பயந்த வாக்கியம் அதுதான், அப்படியே வந்துவிட்டது.

சுருளிவேல் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் திறந்திருந்த கதவில் சாய்ந்துகொண்டு ரோட்டைப் பார்த்தார். "நான் மட்டும் தூங்கலைன்னா நெனைக்கிற?" என்றார். "இவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம். பழனிக்குப் போயிட்டுத் திரும்புறேன், ஒட்டன்சத்திரத்துக்கு இங்கிட்டு. கண்ணத் தொறந்தா பாலத்துக் கட்டை மேல ஏறி நிக்கிது. முன்சக்கரம் அந்தரத்துல சுத்துது. கீழ தண்ணியில்லாத ஓடை, பாறை. நாலு லாரிக்காரய்ங்க வந்து தூக்கிவிட்டாய்ங்க." அவள் வாயிலிருந்து துண்டு விழுந்தது. "எங்கிட்ட சொல்லவேயில்லையே?" "என்னத்தச் சொல்ல. நீ தூங்கிக்கிட்டிருந்த. எழுப்பி இதச் சொல்லணுமாக்கும்னு படுத்துட்டேன்." "ஒரு தடவைதானா?" அவர் கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார். "வண்டி ஓட்டுறவன் தூங்காம இருந்தான்னு எவனாச்சும் சொன்னா பொய்யி" என்றார்.

அந்த வருசங்களிலெல்லாம் அவள் நன்றாகத் தூங்கினாள். நினைக்க நினைக்க அதுதான் வந்து மோதியது. அவர் ராத்திரி வண்டிக்குப் போனால், வாசல் விளக்கைப் போட்டு வைத்துவிட்டு, பிள்ளையை அணைத்துக்கொண்டு, கனவுகூட இல்லாமல் தூங்கினாள். அவருக்கென்ன, கை பழகிய ஆள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் முன்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் அவர் விடியும்போது வந்து தண்ணீர் கேட்டார், சொம்பு நிறையக் குடித்தார், இன்னொரு சொம்பு கேட்டார். அன்றைக்கா? காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்திருந்தாரே, அப்போதா? கோயிலுக்குப் போகலாம் என்று காரணமில்லாமல் கூட்டிப்போனாரே, அப்போதா? முடிந்துபோன ராத்திரிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஒவ்வொன்றிலும் அவர் தனியாக இருந்தார், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது போய்ப் பயப்பட முடியாது, எல்லாம் நடந்து, நடக்காமல் முடிந்துவிட்டது. ரஞ்சித் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது புதிசுதான்.

சுருளிவேல் குனிந்து ஜாக்கை மாட்டினார். டிக்கென்று கேட்டது. "சீசன் முடியிற வரைக்கும் நான் இவன் பக்கத்துல உக்காந்து வாறேன். பேச்சுத் துணைக்கு ஆளிருந்தா தூக்கம் வராது. மிச்சத்தப் பொறவு பாப்போம்" என்றார். "உங்க இடுப்புக்கு ஆகுமாப்பா?" என்றான் ரஞ்சித். "உக்காந்து வர்றதுக்கு என்ன, ஓட்டவா போறேன்?" பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே பெரிய விசயமாக இருந்தது. "நானும் தேனிக்கு வாறேன்," என்றாள் ஜெயக்கொடி. இருவரும் அவள் நைட்டியைப் பார்த்தார்கள். "சேலையக் கட்டிட்டு வா, நேரமாச்சு," என்றார்.

தேனியில் மைதானம் முழுக்க வண்டி. பள்ளிக்கூட வேன், ஷேர் ஆட்டோ, மினி லாரி, எல்லாம் கழுவித் துடைத்துப் புது ஸ்டிக்கரோடு நின்றன. கடைசி நிமிசத்தில் ஒருவர் டயருக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இல்லையென்று கடைக்கு ஓடினார். வேப்பமர நிழலில் நின்ற ஜெயக்கொடிக்கு எல்லாருமே பரீட்சைக்கு வந்த பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண், காக்கியில், ஜெயக்கொடியைவிட வயசில் சின்னவள். கதவைத் திறந்து அடைத்தாள், பெல்ட்டை இழுத்தாள், அடியில் குனிந்து பார்த்தாள், ஹாரனை அடிக்கச் சொன்னாள். பிறகு ரஞ்சித்தை ஏறச் சொல்லி, "வேகமா போய், நான் கையக் காட்டினதும் டக்குனு நிறுத்து" என்றாள். வண்டி சீறிக்கொண்டு போனது. கை உயர்ந்தது. டயர் மண்ணில் கோடு இழுத்தது, புழுதி எழுந்தது, அந்தப் புழுதிக்குள் இரண்டு சிவப்பும் பளிச்சென்று எரிந்தன. ஜெயக்கொடிக்கு அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வண்டி மண்ணில் நின்றதைப் பார்த்தாள். ஓடவில்லை, நின்றது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் குனிந்து, "என்னப்பா, கண்ணு இப்படிச் செவந்திருக்கு? ராத்திரி வண்டியா?" என்றாள். "ஆமா மேடம், மூணாறு." "தூங்கிட்டு ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நடந்தாள். அந்த அம்மாள் நல்ல அர்த்தத்தில்தான் சொன்னாள் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல் காதுக்குள் தப்பாகவே போய் உட்கார்ந்தது.

எஃப்.சி. ஆகிவிட்டது. மூவரும் பரோட்டா சாப்பிட்டார்கள். மத்தியான வெயிலில் ஊருக்குத் திரும்பினார்கள். ரஞ்சித் ஓட்டினான், சுருளிவேல் பக்கத்தில், அவள் பின்சீட்டில். வண்டிக்குள் இன்னும் தின்னர் வாடை. சுருளிவேல் உற்சாகமாக இருந்தார். சீசனுக்கு எந்த ரோடு நல்ல ரோடு, எந்தக் கடையில் சுக்குக்காப்பி, எந்த வளைவில் பனி இறங்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "பாத்தியா, நான் இப்படியே பேசிக்கிட்டு வருவேன், உனக்கு எங்கிட்டு தூக்கம் வரும்?" என்றார். ரஞ்சித் தலையாட்டினான். ஜெயக்கொடிக்குக் காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. ஜன்னலைத் திறந்தாள், வயல் காற்று வந்தது, இருபுறமும் தென்னை, வாழை, நெல். வீரபாண்டி தாண்டியபோது கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தபோது பேச்சுச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தாள். சுருளிவேலின் தாடை நெஞ்சில் இறங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பரோட்டாவும் வெயிலும் காற்றும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிட்டன. பேச்சுத் துணை. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வரப்போகிற ஆள்.

ரஞ்சித் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேராகத்தான் பார்க்கிறானா? கண்ணாடியில் பாதிக் கண்தான் தெரிந்தது. முன்னால் வெள்ளைக்கோடு போய்க்கொண்டிருந்தது. அவள் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். "ஏய்யா, உனக்குத் தெரியுமா, எங்க சித்தி மக ஒருத்தி கூடலூர்ல இருக்கால்ல, அவ வீட்ல ஒரு கூத்து நடந்துச்சு" என்று ஆரம்பித்தாள். அந்தச் சித்தி மகளின் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பசுமாட்டைப் பிடித்து வந்தது, அது முதல்நாளே காயப்போட்ட பட்டுச்சேலையைத் தின்றது, சேலை அவளுடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கியது, கேட்க வந்தவளையும் மாடு முட்டியது. "யம்மா, நான் முழிச்சுத்தான் இருக்கேன்," என்றான் ரஞ்சித். சலிப்பாகச் சொன்னான், ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. "இருய்யா, இன்னும் முடியல," என்றாள். "முட்டுனதுல வேலி சாஞ்சு, வேலிக்கு அங்கிட்டு ஒரு கல்யாண வீடு." உண்மையில் கதை சேலையோடு முடிந்துவிட்டது. முட்டியது, வேலி, கல்யாண வீடு எல்லாம் அவளாகப் போட்டது. ஊர் வர இன்னும் தூரம் இருந்தது. சுருளிவேலின் தலை ஜன்னலில் இடித்தது, அவர் விழிக்கவில்லை. அவள் இன்னும் முன்னால் சாய்ந்து பிள்ளையின் தோளில் கை வைத்துக்கொண்டாள். சட்டைக்குள் தோள் சூடாக இருந்தது.

"சரி, கல்யாண வீட்டுக்குள்ள மாடு போச்சு," என்றான் ரஞ்சித், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை. "கேளு, சொல்றேன்," என்று தொடங்கினாள்.